டைக்கோவும் கெப்ளரும் பின்னே ஒரு எட்டும்

எந்த டீம்லயும் ரெண்டு வகை ஆளுங்க இருப்பாங்க. ஒருத்தர் ஒரு வரி விடாம எல்லாத்தையும் குறிச்சு வைப்பார். இன்னொருத்தர் விடை துளி இடிச்சாலும் ராத்திரி தூங்க மாட்டார். வானவியல்ல இந்த ரெண்டு பேரும் 1600-ல ப்ராக் பக்கத்துல சந்திச்சாங்க.

முதல் ஆள் டைக்கோ பிராஹே. டெலஸ்கோப் வராத காலம். பெரிய பெரிய கருவிகளை வெச்சு, வெறுங்கண்ணாலயே இருபது வருஷத்துக்கும் மேல கிரகங்களை அளந்தவர். அடுத்தவர் கெப்ளர். சின்ன வயசுல அம்மை போட்டதுல பார்வை சுமார்தான். கணக்குல புலி. டைக்கோ அவருக்குக் குடுத்த வேலை, செவ்வாய்.

1601-ல டைக்கோ இறந்துட்டார். அளவுகள் கெப்ளர் கைக்கு வந்துச்சு. வட்டப்பாதைன்னு வெச்சுப் பக்கம் பக்கமா கணக்குப் போட்டார். எல்லாம் பொருந்தி வந்து, 8 ஆர்க்மினிட் மட்டும் உதைச்சுது. முழுநிலா அகலத்துல ஏறக்குறைய கால்வாசி. முந்தின தலைமுறைக்கு இதெல்லாம் சகஜமான பிழை. 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்'னு விட்டிருக்கலாம். ஆனா டைக்கோ அவ்வளவு தப்பா அளக்கிற ஆள் இல்லைன்னு கெப்ளருக்குத் தெரியும். அளவை நம்பி வட்டத்தைத் தூக்கிப் போட்டார். ரெண்டாயிரம் வருஷத்து வட்டம்! கடைசியில கிடைச்ச நீள்வட்டம் 1609-ல புத்தகமா வந்துச்சு.

என்னைக் கேட்டா, நுணுக்கம்ங்கிறது ஒரே குணம் இல்லை. விடாம சேர்க்கிறது ஒண்ணு, ஒட்டாததை ஒதுக்காம இருக்கிறது இன்னொண்ணு. அதே அளவுகளைக் கையில வெச்சிருந்த டைக்கோ, பூமியை நடுவுலயே உக்கார வெச்சார். அந்த அளவுகள் இல்லாட்டி, கெப்ளர் கண்ணுல அந்த 8 பட்டிருக்கவே பட்டிருக்காது.

நீங்க எந்தக் கட்சி?