ஆசானுக்கு ஓர் ஆசான்

சிறப்புப் பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும். அவ்வாசிரியரை ஆக்க ஆய்ந்தறிந்த பேராசிரியர் வேண்டும். அமெரிக்காவில் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் கல்வித் துறையில் அத்தகையோர் அரியராய் இருந்தனர். இக்குறை போக்க 1958 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் ஐசனோவர் 85-926ஆம் சட்டத்தில் ஒப்பமிட்டார். பேராசிரியர்களை உருவாக்கப் பல்கலைக்கழகங்களுக்கு மானியம் கிடைத்தது. ஆண்டு உச்ச வரம்பு 10 இலட்சம் டாலர்.

1963இல் கென்னடி ஒப்பமிட்ட சட்டம், பார்வையற்றோர், செவிப்புலன் இழந்தோர் முதலியோருக்கான கல்விக்கும் அம்மானியத்தை விரித்தது. ஆராய்ச்சிக்கும் பொருள் ஒதுக்கியது. அவர்தம் தங்கை ரோஸ்மேரியும் அறிவு வளர்ச்சி குன்றியவரே.

1975இல்தான் ஊனமுற்ற குழந்தைகள் அனைவர்க்கும் கல்வி பெறும் உரிமை சட்டமாயிற்று. உரிமைக்குப் 17 ஆண்டுகள் முன்னரே ஆசானுக்கு ஆசானைத் தேடும் பணி தொடங்கிவிட்டது. கற்பிக்க ஆளில்லையேல் உரிமை வெறும் ஏட்டெழுத்தே. விதைநெல் சேர்த்து வைத்த உழவனுக்கன்றோ மழையால் பயன்!