காலரா பாக்டீரியாவின் தற்காப்பு

மனிதரைத் தாக்கும் காலரா பாக்டீரியாவையும் வைரஸ்கள் தாக்குகின்றன. இத்தகைய வைரஸ்களுக்கு 1917இல் பாக்டீரியோபேஜ் என்று பெயரிட்ட பெலிக்ஸ் டெரெல், 1927இல் இந்தியாவுக்கு வந்து காலரா நோயாளிகளுக்கு அவற்றையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார். அம்மருத்துவம் இங்கு நிலைக்கவில்லை. பாக்டீரியா எவ்வாறு தப்பிக்கிறது என்பது விளங்க வெகுகாலம் ஆயிற்று.

வங்காளதேசக் காலரா நோயாளிகளின் மலத்தில் ஐ.சி.பி.1 என்ற பேஜ் மீண்டும் மீண்டும் காணப்படுகிறது. அதை எதிர்க்கும் பாக்டீரியாக்களின் மரபணுத் தொகுதியில் பி.எல்.இ. என்னும் துண்டு ஒன்று உள்ளது. பேஜ் உள்ளே நுழைந்ததும் இத்துண்டு கழன்று, தன்னைப் பெருக்கிக்கொண்டு, பேஜின் உற்பத்தியைத் தடுக்கிறது. தாக்கப்பட்ட செல் எப்படியும் இறந்துவிடும். ஆனால் அதிலிருந்து புதிய பேஜ் வெளிவராததால் அக்கம்பக்கத்துச் செல்கள் பிழைக்கின்றன. தற்காப்பு என்பதைவிட இனக்காப்பு என்பதே பொருந்தும்.

2013இல் கிம்பர்லி சீட், ஆண்ட்ரூ கமில்லி உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு இதனினும் வியப்பானது. கிரிஸ்பர் என்பது வைரஸின் டி.என்.ஏ.வை அடையாளம் கண்டு வெட்டும் பாக்டீரியாவின் கருவி. அதே கருவியை ஐ.சி.பி.1 வைத்திருந்தது; அதைக் கொண்டு பி.எல்.இ.யை வெட்டி எறிந்தது! 1961இல் தொடங்கிய ஏழாவது உலகப் பரவலுக்குக் காரணமான எல் டோர் வகையிலோ கிரிஸ்பர் இல்லை.

பாக்டீரியாவும் ஒரே துண்டை நம்பி நிற்கவில்லை. சேமித்து வைக்கப்பட்ட பழைய மாதிரிகளை ஆராய்ந்தபோது, 1949 முதல் ஐந்து வகைப் பி.எல்.இ.க்கள் வெவ்வேறு காலங்களில் தோன்றியிருந்தது தெரியவந்தது.