மேற்றிராணியாரும் ஆயரும்

பழைய செபப் புத்தகம் வீட்டில் இருந்தால் புரட்டிப் பாருங்கள். இன்று நாம் ஆயர் என்பவர் அதில் 'மேற்றிராணியார்'. மறைமாவட்டம் 'மேற்றிராசனம்'. 'மேல்' என்று தொடங்குவதால் மேலான பதவி என்றே காதில் விழுகிறது. ஆனால் வேர் கிரேக்கம். 'மெத்ரோபோலிஸ்' என்றால் தாய் நகரம். அந்நகரின் ஆயருக்கு அதிலிருந்து பெயர் வந்தது. சிரியாக்கில் அது சுருங்கியது. கேரளத்தில் இன்றும் 'மெத்ரான்'தான். தமிழ் நாக்கு அதில் ஒரு 'மேல்' சேர்த்துக்கொண்டது. தாய் என்ற பொருள் மறைந்தே போயிற்று.

விவிலியத்தில் உள்ள கிரேக்கச் சொல் வேறு: 'எபிஸ்கோபோஸ்', கண்காணிப்பவர். (தேயிலைத் தோட்டத்துக் கங்காணிக்கும் அதே பொருள். நல்லவேளை, அந்தப் பெயர் நிலைக்கவில்லை!) ஆனால் திருத்தூதர் பணிகள் 20ஆம் அதிகாரத்தில் பவுல், கண்காணிப்பவர்களிடம் மந்தையை மேய்க்கத்தான் சொல்கிறார்.

மதுரை 1953இல் உயர்மறைமாவட்டமானபோது அதன் தலைவர் அன்றைய வழக்கில் 'அதிமேற்றிராணியார்'. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962-65) பின் வழிபாடு தமிழுக்கு வந்தது. ஆயர், பேராயர் என்ற சொற்கள் ஊன்றின.

ஆயர் என்பது முல்லை நிலத்தில் மந்தை மேய்த்தவர்களின் பெயர். நம் சூலக்கரைப் பக்கத்துக் கரிசலில் கிடை போடுகிறவரைப் பாருங்கள். ராத்திரி ஆடுகளோடேயே படுத்துக்கொள்வார். அவர் வழியில் வந்த சொல்லுக்கு முன்னால்தான், திருவிழா நோட்டீசில் 'மேதகு' என்று நாம் அச்சடிக்கிறோம்.