மலாக்காவில் இரக்கச் சங்கம்

பாரிசில் தத்துவம் கற்பித்த பிரான்சிஸ் சவேரியார், முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணிபுரிந்தபின் 1545இல் மலாக்கா வந்தார். போப்பாண்டவரின் தூதர் என்னும் பதவி இருந்தும் அவர் தங்கியது ஏழைகளின் மருத்துவமனையில்.

இத்தொண்டு துறவியர்க்கு மட்டும் உரியதன்று. 1498இல் லிஸ்பனில் அரசி லியனோர் ஆதரவில் தோன்றிய ‘மிசரிக்கோர்தியா’ என்னும் இரக்கச் சங்கம் இல்லறத்தாரால் ஆனது. திருச்சபை போற்றும் 14 அருட்செயல்களை ஊதியமின்றி ஆற்றுவதே அவர் கடன். வீடற்ற வழிப்போக்கர்க்கு இடமளித்தல் அவற்றுள் ஒன்று. அச்சங்கம் மலாக்காவிலும் கிளைத்தது. பொருள் தேடிக் கடல் கடந்தோரிற் சிலர், வாழ்வின் பொருளை ஈண்டுக் கண்டனர் போலும். பள்ளிவாசற் கல்லைப் பெயர்த்துக் கோட்டை கட்டியவர் மரபிலேயே இவ்வறமும் முளைத்தது வியப்பே!

1641இல் ஒல்லாந்தர் நகரைக் கைப்பற்றவே, கத்தோலிக்கர் செல்வாக்கு ஒடுங்கிற்று. ஜாசின் தோட்டப்பள்ளி மாணவர் சுற்றுலாவிற் காண்பது அக்கோட்டையின் வாயிலொன்றே.