கைதடிக்கு முன்னும் பின்னும்

எமது சங்கம் தோன்றிய காலத்தில் கல்லூரியை விட்டு வெளியேறும் மாணவி ஒருத்தியின் முன்னே இருந்த வழிகள் மிகச் சில. ஆசிரியப் பயிற்சி ஒன்று, விவாகம் மற்றொன்று. மருத்துவமோ விஞ்ஞானமோ கற்க வேண்டுமாயின் அவள் குடாநாட்டை விட்டே போக வேண்டியிருந்தது. அதிபர்களைப் பற்றியும் கட்டடங்களைப் பற்றியும் இம்மலரில் வேறு பலர் எழுதியுள்ளனர். எமது கல்லூரி வாயிலைத் தாண்டியபின் இவ்விரு துறைகளையும் நாடிச் சென்றவர்கள் எங்கே கற்றனர், எவ்வாறு கற்றனர் என்பதையே நாம் இங்கு எழுத முற்படுகிறோம்.

யாழ்ப்பாணத்தில் மேனாட்டு மருத்துவக் கல்வி பிந்தி வந்ததொன்றன்று. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் இங்கு வந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயில் வைத்தியசாலையை ஆரம்பித்து, அங்கேயே மாணாக்கரைச் சேர்த்துக் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திலும் 1860களிலிருந்து தமிழிலும் வகுப்புகள் நடைபெற்றன. அதற்கென உடலமைப்பு, சத்திரசிகிச்சை, பிரசவம், இரசாயனம் ஆகியவை பற்றிய நூல்கள் தமிழாயின. உடலமைப்பை அங்காதிபாதம் என்றும், உடற்றொழிலியலைச் சுகரணவாதம் என்றும், இரசாயனத்தைக் கெமிஸ்தம் என்றும் அவர்கள் வழங்கினர். சப்மன், டான்வர்த் முதலிய பெயர் பூண்ட எம்மூர் மாணாக்கர் அவருக்குத் துணைநின்றனர். 1873 இல் கிறீன் தாயகம் திரும்புமுன் அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்று வெளியேறியிருந்தனர். தமிழில் மருத்துவம் கற்பித்த பெருமையை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அந்த அறுபதுக்கு மேற்பட்டோரும் ஆண்கள் என்பதை ஒருவரும் சொல்வதில்லை. பிரசவ வைத்திய நூல் தமிழில் அச்சேறியபோது, அதை வாசித்துத் தொழில் செய்ய ஒரு பெண்ணும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை.

அக்குறையை ஓரளவு நீக்கியது இணுவில். லீச் சகோதரிகள் கடல் கடந்து திரட்டிய பணத்தில், வைத்தியர் இசபெல்லா கர் அம்மையாரின் பொறுப்பில், 1898 இல் மக்லியோட் ஆஸ்பத்திரி பெண்களுக்கெனத் திறக்கப்பட்டது. ஆண் வைத்தியர் நாடி பிடிக்கவும் சம்மதியாத வீடுகளிலிருந்து மாட்டுவண்டியில் பெண்கள் அங்கே வந்தனர். அவர்களைப் பராமரிக்க எம்மூர்ப் பெண்பிள்ளைகள் தாதிகளாகப் பயிற்றப்பட்டனர். எமது பிரதேசத்தில் பெண்கள் சம்பளத்துக்குச் செய்த முதல் விஞ்ஞானத் தொழில்களில் தாதித்தொழிலும் ஒன்று என்று கொள்வதில் தவறில்லை. ஆயினும் ஊர் அதை அவ்வாறு கொள்ளவில்லை. இராவேலை, அந்நியரின் உடலைத் தொடும் வேலை, சாதி பாராமல் கழுவித் துடைக்கும் வேலை என்றெல்லாம் முகம் சுளித்தது. டாக்டர் மகளுக்குப் பந்தலிட்ட ஊர் தாதி மகளுக்குக் கலியாணம் பேசத் தயங்கியது. இம்மனப்பான்மை முற்றாக நீங்கிவிட்டதென்று இன்றும் சொல்ல முடியவில்லை.

கொழும்பில் இலங்கை மருத்துவக் கல்லூரி 1870 இல் ஆரம்பமாயிற்று. பெண்கள் அதில் அனுமதிக்கப்பட்டது 1892 இல். அப்போது யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் இல்லை, தண்டவாளம் கொழும்புடன் இணைந்தது 1905 இல். அதுவரை கடல்வழி, இல்லையேல் காட்டுவழி. ஒரு பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பிக் கற்பிக்கத் துணிந்த பெற்றோர் எத்தனை பேர் இருந்திருக்கக்கூடும்! கனடாவில் பிறந்து, தமிழரை மணந்து, 1896 இல் இங்கு வந்த வைத்தியர் மேரி இரத்தினம் அம்மையாரை இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். கொழும்பில் இருந்தபடியே தமிழ் மகளிர் சங்கத்தையும் பின்னர் லங்கா மகிளா சமிதியையும் உருவாக்கியதோடு, பாடசாலைகளுக்குச் சுகாதார நூலும் எழுதினார். 1958 இல் மக்சாசே விருது பெற்றார். பெண்பிள்ளைகளுக்கு உடலைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது வெட்கக்கேடு என்று கருதப்பட்ட காலத்தில் அவர் செய்த வேலை பெரிது.

1921 இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் தோன்றின. இலவசக் கல்வி 1945 இல் வந்தது. எனினும் பல பெண்கள் பாடசாலைகளில் விஞ்ஞானம் தாவரவியலோடு நின்றது. பூவை வெட்டி வரையலாம். தேரையை வெட்டுவதற்கும் அமிலத்தைக் கையாள்வதற்கும் வேண்டிய ஆய்வுகூடம் பிந்தியே கிடைத்தது. உயர்தரப் பௌதிகவியலுக்கு அயலிலுள்ள ஆண்கள் கல்லூரிக்கு நடந்துபோய், பின்வாங்கில் இருந்து படித்த தலைமுறை ஒன்று எம்முள் உண்டு.

சுயபாஷை விஞ்ஞான வகுப்புகளுக்கு வந்ததும் கலைச்சொற்கள் புதிதாக ஆக்கப்பட்டன. அளவி, குழாயி, நியமிப்பு, ஒட்சிசன், ஐதரசன், உடற்றொழிலியல் என்று நாம் கற்றோம். கிறீன் காலத்து அங்காதிபாதமும் சுகரணவாதமும் கெமிஸ்தமும் அவற்றில் இல்லை. நூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை ஒரே வேலையைச் செய்த சமூகம் நாம். இவ்வாறு தமிழில் கற்றுத் தேறிய பிள்ளை பல்கலைக்கழகம் போனதும் முதல் நாளே எல்லாம் ஆங்கிலமாகிவிடும். அளவி தெரிந்தவளுக்குப் பியூரெட் என்றால் என்னவென்று தெரியாது. முதல் மூன்று மாதம் விரிவுரையில் எழுதிய குறிப்பை இரவில் அகராதியோடு திரும்ப எழுதியதை, எமது மூத்தோரும் இளையோரும் ஒரே குரலில் சொல்கின்றனர்.

1971 இல் வந்த தரப்படுத்தலைத் தொடாமல் இவ்வரலாறு நிறைவுறாது. அவ்வாண்டு மருத்துவ பீட அனுமதிக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 புள்ளிகள் போதுமாக இருக்க, தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 புள்ளிகள் வேண்டியிருந்தன. 1974 இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. யாழ்ப்பாண மாவட்டத்து மாணவருக்கு இது பேரிடி. அதே ஒதுக்கீட்டினால் மன்னாரிலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் முன்னர் ஒருவரும் போகாத ஊர்களிலிருந்து பிள்ளைகள் மருத்துவமும் பொறியியலும் கற்கச் சென்றனர் என்பதையும் நேர்மையோடு எழுதி வைக்கவேண்டும். இடம் கிடைக்காத ஆண்பிள்ளைகளைக் காணி ஈடுவைத்தேனும் வெளிநாடு அனுப்பிய வீடுகள் பல. பெண்பிள்ளைகளுக்கு அவ்வாறு ஈடுவைத்தவர்கள் குறைவு. அவர்கள் இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று பரீட்சை எடுத்துவிட்டுக் கடைசியில் எழுதுவினைஞர் வேலைக்கு விண்ணப்பித்தனர்.

இப்பின்னணியில்தான் 1974 ஒக்டோபரில் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவர். மனிதப் பண்பியல் திருநெல்வேலியில், சேர் பொன். இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி வளவில் தொடங்கியது. விஞ்ஞானம் வட்டுக்கோட்டையில், 1823 இல் ஆண்பிள்ளைகளுக்கென செமினரி ஆரம்பித்த வளவில் தொடங்கியது. சில ஆண்டுகளில் விஞ்ஞானமும் திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தது. 1978 இல் மருத்துவ பீடம் கைதடியில், சித்த மருத்துவத்துக்கென இருந்த கட்டடத்தில் ஆரம்பமாயிற்று. முதற் பீடாதிபதி பேராசிரியர் ஏ. ஏ. ஹூவர். சொந்தக் கட்டடம் இல்லை, ஆசிரியர் போதாது. யாழ். ஆஸ்பத்திரியின் வைத்திய நிபுணர்களே வார்டு முடிந்து வந்து விரிவுரை நடத்தினர். பீடம் பின்னர் ஆடியபாதம் வீதிக்கு மாறியது. ஆயினும் கைதடி என்ற பெயர் முதல் பட்ச்களின் வாயில் இன்னும் மாறவில்லை.

அந்நாளைய வளாக வாழ்வை நினைவுகூரச் சொன்னால் எம்மவர் முதலில் சொல்வது போர்மலின் மணத்தை. எத்தனை முறை சவர்க்காரம் போட்டாலும் விரலிலிருந்து போகாது. சோற்றைக் கரண்டியால் உண்ணப் பழகியவர்கள் பலர். அடுத்தது எலும்புப் பெட்டி. மூத்த மாணவியிடமிருந்து இளையவளுக்குக் கைமாறி வரும் மனித எலும்புத் தொகுதி அது. அதை வீட்டுக்குள் எடுக்க அம்மம்மாமார் விட்டதில்லை. மாட்டுக்கொட்டிலிலும் விறகுப்பத்தியிலும் வைத்துப் படித்தவர்கள் இன்று நிபுணர்களாக இருக்கின்றனர். பகிடிவதை இருந்தது. இரட்டைப் பின்னல், நீளப் பாவாடை, மூத்தோரைக் கண்டால் தலைகுனிவு. இதை இனிய நினைவாக எழுதுவோர் உளர். நாம் அவ்வாறு எழுத விரும்பவில்லை, அதனால் படிப்பையே விட்டுப் போனவர்களும் இருக்கின்றனர். வெள்ளிக்கிழமைகளில் பரமேஸ்வரன் கோயிலடியில் கூடுவதும், விஞ்ஞான பீடத்துச் சரஸ்வதி பூசையில் நுணுக்குக்காட்டிக்கும் சந்தனம் இடுவதும், மழைக்காலத்தில் சைக்கிளில் இருவராகக் கோண்டாவில் ஒழுங்கைகளைச் சுற்றி வருவதும் எல்லோருக்கும் பொதுவானவை.

சமுதாய மருத்துவம் கற்பித்த பேராசிரியர் செ. சிவஞானசுந்தரத்தை நாட்டு வாசகர் நந்தி என்று அறிவர். மருத்துவத்தைக் கடித வடிவில் எளிய தமிழில் எழுதிய அவரிடம் பயின்றவர்கள், தாய்மாருக்கு எவ்வாறு பேசவேண்டும் என்பதை அவரிடமிருந்தே கற்றதாகச் சொல்வர். விரிவுரை ஆங்கிலத்தில் நடந்தாலும் நோயாளி தமிழில்தானே முனகுவாள்.

1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள். அன்றும் மறுநாளும் யாழ். ஆஸ்பத்திரியினுள் இந்தியப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் நோயாளிகள், வைத்தியர்கள், தாதியர், ஊழியர் என அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வார்டுகளே மருத்துவ மாணவரின் வகுப்பறை. 1989 செப்டெம்பர் 21 இல் உடற்கூற்றியற்றுறைத் தலைவி கலாநிதி ராஜினி திராணகம, பரீட்சைக் கடமை முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35. மேற்படிப்புக்கு இங்கிலாந்து சென்றவர், அங்கு தங்கிவிடாமல் திரும்பி வந்து கற்பித்தவர். ஆதரவற்ற பெண்களுக்கான பூரணி இல்லத்தை உருவாக்குவதில் முன்னின்றவர். அவரின் மாணவிகளாக இருந்த எம்மவர், மேசையில் இருக்கும் உடல் ஒரு மனிதருடையது என்பதை மறக்கவே விடமாட்டார் என்று அவரைப் பற்றிக் கூறுகின்றனர்.

1990 இன் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் உடற்றொழிலியல் படித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டனர். கொழும்பிலும் பேராதனையிலும் இடம் கிடைத்தவர்கள் அனுமதிக் கடிதத்தைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, இரவில் கிளாலிக் கடனீரேரியை வள்ளத்தில் கடந்தனர். அக்கடனீரேரியில் சுடப்பட்டு இறந்தோர் பலர். இவ்வளவுக்கும் நடுவே 1991 இல் யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கம் தொடங்கி, ஆய்வுகளை வாசிக்கக் கூட்டம் நடத்தியது. 1995 ஒக்டோபர் 30 இரவு குடாநாட்டு மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து கிழக்கே நடந்தபோது, முதல் மருத்துவ வகுப்பு நடந்த கைதடியைத் தாண்டியே போயினர். அன்று எமது உறுப்பினர் ஒருவரின் சைக்கிளில் இருந்தவை ஒரு சுண்டு அரிசி, அம்மாவின் சேலைப் பொதி, இரண்டாம் ஆண்டுக் குறிப்புக் கொப்பிகள் ஏழு. மழையில் ஊறிய அக்கொப்பிகளைத் தென்மராட்சியில் ஒரு பாடசாலை வாங்கில் விரித்து உலர்த்திப் படித்தார். இன்று அவர் பிரசவ விடுதியொன்றின் பொறுப்பு வைத்தியர்.

வவுனியாவில் 1991 இல் சிறு கல்லூரியாகத் தொடங்கியது 2021 இல் பல்கலைக்கழகமாயிற்று. 2009 ஆகஸ்டில் செட்டிகுளம் முகாம்களுக்குள் உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளுள் இன்று விஞ்ஞான ஆசிரியைகளாக இருப்போரை நாம் அறிவோம். தாதியியல், மருந்தாக்கவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் ஆகியவை யாழ்ப்பாணத்திலேயே பட்டநெறிகளாகிவிட்டன. இணுவிலில் சான்றிதழ் ஒன்றோடு வெளியேறிய அந்நாளைய தாதியரின் பேத்திமார் தொப்பியும் மேலங்கியும் அணிந்து பட்டம் பெறுகின்றனர்.

ஆனால் அப்பாட்டிமாரின் பெயர்கள் எம்மிடம் முழுமையாக இல்லை. மருத்துவரானவர்களின் பட்டியலைத் தொகுப்பது எளிதாயிற்று, வீட்டுச் சுவரில் படம் இருக்கிறது. தாதிகள், மருத்துவமாதுகள், மருந்துக் கலவையாளர்கள், ஆய்வுகூட உதவியாளர்கள் ஆகியோர் பற்றி வீடுகளில் ஒரு சேவைச் சான்றிதழோ பழைய புகைப்படமோ கிடந்தால், பெயர், கற்ற ஆண்டு, பணியாற்றிய ஊர் ஆகியவற்றோடு சங்கச் செயலாளருக்கு எழுதி அறியத் தருமாறு கேட்கிறோம். அடுத்த ஆண்டறிக்கையில் அவற்றைச் சேர்ப்பதெனச் செயற்குழு தீர்மானித்துள்ளது.