ஏரிக்கு அளந்து வைத்த நெல்

செங்கல்பட்டுச் சீமையை ஏரிகளின் பூமி என்பர். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இங்கில்லை; மழைநீரைக் கரைகட்டித் தேக்கியே நம் முன்னோர் நெல் விளைவித்தனர். அந்தக் கரைகளைக் காத்தது அரசா, ஊராரா?

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த உத்திரமேரூரின் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தலுக்காகப் புகழப்படுகின்றன. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று என்பதைப் பலர் சொல்வதில்லை. நிலமும் கல்வியும் உடையோர்க்கே அதில் இடமிருந்தது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

1763இல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா இப்பகுதியைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராக அளித்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு ஊர் ஊராக எடுத்த கணக்கில் ஓர் அரிய செய்தி உண்டு. களத்தில் நெல்லை அளக்கும்போது, அரசின் பங்கும் குடியானவர் பங்கும் பிரியும் முன்னரே, கணக்கருக்கும் தச்சருக்கும் கொல்லருக்கும் அளப்பார்கள். ஏரிக்கும் ஒரு பங்கு அளந்து வைப்பார்கள். அதற்கு ஏரி மேரை என்று பெயர். மதீனாவில் உஸ்மான் (ரலி) அவர்கள் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி வக்ஃபு செய்த வரலாற்றை அறிந்த நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். ஆர்வம் தளர்ந்த ஆண்டிலும் பணி நிற்காதிருக்க, அதற்கென்றே ஒரு வருவாய் வேண்டும்.

கும்பினி ஆட்சியில் நிலவரி முதன்மை பெற்றது. இத்தகைய ஒதுக்கீடுகள் தேய்ந்தன. ஏரியின் பங்கு போயிற்று, ஊராரின் கடமை மட்டும் எஞ்சியது. 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம், வழக்கமான மராமத்துக்கு ஆள் தராதோர்மீது தண்டம் விதித்தது. (மராமத்து என்னும் சொல்லே அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்தது.) விருப்பத்தோடு செய்த வேலையைத் தண்டத்துக்கு அஞ்சிச் செய்ய வைத்தால் அது எத்தனை நாள் நடக்கும்?

2017இல் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியது. தொடக்க விழா நடந்தது மணிமங்கலம் ஏரியில். முதற்கட்ட நிதி 100 கோடி ரூபாய். பாசனம் பெறுவோர் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ 10 விழுக்காடு தர வேண்டும் என்பது விதி. ஊராரை மீண்டும் கரைக்கு அழைத்தது நல்லதே. ஆயினும் எஞ்சிய 90 விழுக்காடு ஒவ்வோர் ஆண்டும் கோட்டையிலிருந்து வர வேண்டியிருந்தது. களத்தில் முதலில் அளந்து வைத்த நெல்லோ எந்த அரசாணைக்கும் காத்திருந்ததில்லை.