சேர்வராயன் மலையில் வரியும் சாலையும்

1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியை அறிமுகப்படுத்தினார். தோட்டங்கள் பெருகியபோது பாதையும் பாலமும் தேவைப்பட்டன. அவற்றுக்கான செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு 1870இல் வைஸ்ராய் மேயோ பிரபுவின் தீர்மானம் ஒரு வழி காட்டியது: சாலை, கல்வி, மருத்துவம் ஆகியவை மாகாணங்களின் பொறுப்பு, பற்றாக்குறையை உள்ளூர் வரியால் ஈடுகட்ட வேண்டும். 1871ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் நிலத்தின் மீது மேல்வரி விதித்தது. 1884இல் ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் வந்தன. அதிகாரம் கீழே இறங்கத் தொடங்கியது உண்மை. ஆனால் வருவாய் நிலத்தைச் சார்ந்தே இருந்ததால், சாமையும் கேழ்வரகும் விளையும் மேட்டுநிலத்து மலையாளிப் பழங்குடி ஊர்கள் நஞ்சை ஊர்களுக்கு ஈடாகத் திரட்ட வழியே இல்லை.

1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்துக்குப் பின்னும் இந்தக் குறை தீரவில்லை. வசூலாகும் வீட்டுவரிக்கு ஈடான தொகையை அரசு மானியமாகத் தந்தது. முயற்சிக்குப் பலன் என்ற வகையில் அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் மண்சுவர் வீடுகளின் வரி சொற்பம். அதற்கு ஈடான மானியமும் சொற்பம். பாறையும் மண்சரிவும் உள்ள மலையிலோ ஒரு மைல் சாலைக்கு ஆகும் செலவு சமவெளியைவிட மிக அதிகம். வரி கட்டாதவர் கணக்குக் கேட்க மாட்டார், மானியம் சோம்பலை வளர்க்கும் என்று சிலர் வாதிடுவார்கள். இதே மலையில் தங்கும் விடுதிகள் நிறைந்த ஏற்காடு ஊருக்கு அந்த வாதம் பொருந்தும். அங்கே சொத்துவரியை முறையாக வசூலிக்கத்தான் வேண்டும். கொடுக்க வழியற்ற உள்மலை ஊரிடம் முயற்சி இல்லை என்பது நியாயமாகாது. அதனால்தான் 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்துக்குப் பின் வந்த மாநில நிதி ஆணையங்கள், ஊராட்சிகளுக்குக் குறைந்தபட்ச நிதியை உறுதி செய்தது சரியான திருத்தம்.

பணம் வந்தால் போதும், அதிகாரிகளே செலவிடட்டும் என்போரும் உண்டு. அவர்களுக்கு 2016 முதல் 2019 வரையிலான ஆண்டுகளே பதில். உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போனதால் தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள்; தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லாத காரணத்தால் மத்திய நிதிக்குழு மானியமும் தடைப்பட்டது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. ஐந்தாண்டு முடிந்து 2025 ஜனவரியில் மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். எந்த ஊருக்கு முதலில் குடிநீர், எந்தத் தடத்துக்கு முதலில் தார் என்பதை முடிவு செய்பவர், கிராம சபையில் நேருக்கு நேர் பதில் சொல்ல வேண்டியவராக இருக்க வேண்டும். நிலத்தின் கடினத்தை எடைபோடும் மானியமும், காலம் தவறாத தேர்தலும் ஒன்றாக வந்தால்தான் ஏற்காடு ஒன்றியத்தின் ஒன்பது ஊராட்சிகளும் தங்கள் தேவையைத் தாங்களே தீர்மானிக்க முடியும்.